மூன்றாம் தண்ணீருக்கு முன்னால்

வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டதால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். திருச்சானூரில் கோயில் பக்கம் வந்தால் பழைய சுகாதார நிலையத்துப் பெண்கள் என் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். போன மாதம் ஹேமலதா வந்தாள். நான் இருந்த இடத்தில் இப்போது அவள்தான் நர்ஸ். கொரோனா ஊசியின்போது மிட்டகண்டிகை ஊரை ஒரே நாளில் முடித்ததற்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மோட்டார் போட்ல போனோம்கா. பத்து மணிக்கு எறங்கனோம், மூணு மணிக்கெல்லாம் ஊரே க்ளோஸ். உங்க காலத்துல தட்டம்மை ஊசி போட எத்தினி நாளாச்சி? ஊர்ல இன்னமும் அதையே பேசிக்கினு கீறாங்கோ."

"ஒண்ணேகால் மணி நேரம்" என்றேன். உடனே, "இல்ல, மூணு நாள்" என்றேன். ஒரு மாதம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அவள் சிரித்தாள். "எழுதி வையுங்கக்கா. எழுதறப்ப தெளிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள்.

எழுதினால் தெளியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் நகரியைச் சேர்ந்தவள். வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசிப் பழகவில்லை, எல்லாம் கைச்சாடைதான். அதனாலோ என்னவோ என் குரல் எழும்பவே இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் திருப்பதியில் பதினெட்டு மாதப் பயிற்சி. பதில் தெரிந்திருந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். வேலையில் சேர்க்க வந்த என் அப்பா, நைனா என்போம், அங்கிருந்த டாக்டரிடம், "பொண்ணு பேசாது சார், ஆனா வேல செய்யும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

எங்கள் நிலையம் புத்தலப்பட்டுக்கும் பங்காருபாளையத்துக்கும் நடுவே உள்ளே தள்ளி இருந்தது. அதன் எல்லையில் ஒரு நீர்த்தேக்கம். அணை கட்டித் தண்ணீரை நிறுத்தியபோது அங்கிருந்த ஊர்கள் எல்லாம் இடம் மாறிப் போயின. பிறர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த முப்பது தமிழ்க் குடும்பங்கள் மட்டும் நடுவில் இருந்த மேட்டில் ஏறிக்கொண்டன. யாருக்கும் வேண்டாத மேடு என்பதால் அது அவர்களுக்குக் கிடைத்தது. நிலக்கடலை போட்டார்கள். அதுதான் மிட்டகண்டிகை. மழை பொய்த்த வருடங்களைத் தவிர மற்ற நாளெல்லாம் நாலு பக்கமும் தண்ணீர். போக வர ஒரே பரிசல். அதை ஓட்டியவர் கோவிந்தன்.

நான் சொல்லும் சமயத்தில் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பெங்களூரில் எங்கு பார்த்தாலும் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை எல்லாருமாகப் போய்விடுவார்கள். சாவியைக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் அரைஞாண் கயிற்றில் பதினைந்து சாவி தொங்கும், நடந்தால் ஆட்டுமணி மாதிரிச் சத்தம் வரும். என் பதிவேட்டில் இருக்கும் குழந்தை ஊரில் இருக்காது. ஊரில் இருக்கும் குழந்தை பதிவேட்டில் இருக்காது. மாதாமாதம் அடித்து அடித்து எழுதியதில் அந்தப் பக்கங்கள் கிழியும் நிலைக்கு வந்துவிட்டன.

என் மேலதிகாரி ரங்கநாயகம்மா. நாங்கள் மேடம் என்போம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார், செய்தவர் தானாகச் சொல்லும்வரை. எதற்கும் அவர் முதல் கேள்வி, "டைம் எந்த?" என்பதுதான். மணி என்ன என்று தெலுங்கில் கேட்கிறார். ஊசிகளை ஆவிப் பாத்திரத்தில் வைத்தது எத்தனை மணிக்கு? ஆவி வர ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனதா? ஐஸ் பையைக் காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க விடுவார். தட்டம்மை மருந்து பொடியாக வரும். குளிர்ந்த நீரை விட்டுக் கலக்க வேண்டும். கலந்த நிமிடத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடக் கூடாது. தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, மருந்து செத்துவிடும். வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். வலது கையில், தோலுக்கு அடியில், அரை மில்லி.

ஒரு குப்பி ஐந்து குழந்தைகளுக்கு வரும். இரண்டு குழந்தைக்காக ஒரு குப்பியை உடைத்து மீதியைக் கொட்டுவது அப்போது பெரிய குற்றம் மாதிரி. எழுதி வைத்த சட்டம் இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அந்த வருடம் வைகாசி மாதம் நான் மிட்டகண்டிகைக்குப் போனபோது ஒன்பது மாதம் முடிந்த குழந்தைகள் இரண்டே பேர்தான் இருந்தார்கள். "அடுத்த மாசம் சேத்துப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டில் ஒன்று கோவிந்தனின் பேத்தி. அவர் மருமகள் தேசம்மாவின் குழந்தை.

ஆனி மாதப் புதன்கிழமை. பெட்டியோடு கரைக்குப் போனேன். பரிசல் வரவில்லை. அக்கரையில் ஒரு மூங்கில் நட்டு, உச்சியில் வேப்பங்கொம்பு கட்டியிருந்தது. இக்கரையில் மாந்தோப்புக் காவல்காரர் முனிரத்தினம் இருந்தார். என் குரல் பத்தடி போகாது என்று அவருக்குத் தெரியும். கையை வாயருகே குவித்துக்கொண்டார்.

"ஏய் கோயிந்தா! நர்சம்மா வந்துகீறாங்கோ! பரிசல எட்தாடா!"

தண்ணீர் மேல் பதில் தெளிவாக வந்தது. "வரமாட்டேன்! ஊர்ல அம்மா வந்துகீறா! கொம்பு கட்டிக்கீறது கண்ணு தெர்லியா?"

"யாருக்குடா?"

"செல்லம்மா பையனுக்கு! பெங்களூர்லர்ந்து ஞாயித்துக்கெழம வந்தாங்கோ! நேத்து முத்து போட்டுச்சி! மூணாந் தண்ணி ஊத்தனப்புறம் வரச் சொல்லு!"

அம்மை இறங்கும்போது வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை, நாள் விட்டு நாள் பார்த்து, மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை அந்த ஊரில் தாளிப்புக் கிடையாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது. மிட்டகண்டிகையில் பரிசலும் ஓடாது. அந்தத் தடவை அடுத்த ஞாயிறு கழித்து வரும் ஞாயிறு என்று நாள் குறித்திருந்தார்கள்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். "டைம் எந்த?" என்றார். ஞாயிறு வந்தார்கள், செவ்வாய் முத்து தெரிந்தது என்றேன். அவர் விரல் கணுக்களில் எண்ணினார். நோய்க்காரரோடு சேர்ந்த மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பு உண்டு என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முத்து தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் வெள்ளி வரை நேரம் இருந்தது. ஆனால் முத்து தெரிவதற்கு முன்னாலேயே அது பரவும். ஞாயிறு முதல் எண்ணினால் அந்தப் புதனோடு முடிந்தது.

"அப்ப நேரம் போயிடுச்சா மேடம்?"

"தெலீது" என்றார். தெரியாது. அவர் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்டேன். "தெரியாதப்ப வேகமாப் போகணும் அம்மாயி. வேற வழி லேது." இளம்பெண்களை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை மறுபடியும் பெட்டியோடு கரையில் போய் நின்றேன். கோவிந்தன் அக்கரையில் குந்தியிருந்தார். முனிரத்தினம் எனக்காகக் கத்தினார். கோவிந்தன் அசையவில்லை.

"எங்க சாமி எங்களோட இருக்கட்டும்! பரிசலு அந்தக் கரையத் தொட்டா அவளும் கூடவே எறங்கிடுவா! உங்கூர்ல புள்ளிங்கோ இல்லியா? ஏன், உன் கடைசிப் பொண்ணு இல்ல?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் மெல்ல, "அவரு பேத்திக்குப் பத்து மாசம். இன்னும் ஊசி போடல, அதச் சொல்லுங்க" என்றேன்.

"உன் பேத்திக்கு ஊசி போடலியாம்டா! போடாம வுட்டது இந்தம்மாதானாம்! நின்னு அழுவுது!"

நான் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் அதோடு நிற்கவில்லை.

"பரிசலு கரையத் தொட வேணாம்! நர்சம்மா தண்ணில எறங்கி வருவாங்கோ, நீ பாதிக்கு வந்து ஏத்திக்கோ! மூணாந் தண்ணி வரைக்கும் அங்கியே இருப்பாங்கோ! திரும்பி வரமாட்டாங்கோ!"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. இல்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அக்கரையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வெகுநேரம் பேசினார்கள். பிறகு கோவிந்தன் எழுந்து, "நாளிக்கிக் காத்தால வரச் சொல்லு!" என்றார். முனிரத்தினம், "பாத்தியாம்மா, வேல முடிஞ்சிது" என்று பீடி பற்ற வைத்தார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"தங்கறேன்னு நீ சொன்னியா?"

"இல்ல மேடம்."

"இல்லன்னு மறுத்துச் சொன்னியா?"

"இல்ல மேடம்."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மூச்சு எண்ண வேணும். உன் கடியாரத்தில செகண்டு முள்ளு சரியா இல்ல." இரண்டு குப்பி, வைட்டமின் ஏ மருந்து, காய்ச்சல் மருந்து, சளிக் காய்ச்சலுக்கான மாத்திரை எல்லாவற்றையும் அவரே எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். கோவிந்தன் பரிசலை அங்கேயே நிறுத்தி, துடுப்பை நீட்டினார். அதைப் பிடித்து ஏறினேன்.

ஒன்பது இருபதுக்கு முதல் குப்பியைக் கலந்து நேரம் எழுதினேன். பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒருவரும் முன்னே வரவில்லை. "பஞ்சில மருந்து தொட்டுத் தொடைக்கல பாரு. மறந்துட்டுது. இது போட்டு இன்னா ஆவப்போவுது" என்று ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள். சிரித்தார்கள். அப்போது தேசம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்து குழந்தையின் கையை நீட்டினாள். அவள் புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். அவளும் ஆடியில் அங்கே போவதாக இருந்தது.

"நான் போன மாசமே வந்தேன் அக்கா. நீங்கதான் அடுத்த மாசம்னீங்கோ" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துகிற மாதிரிதான். "இப்பப் போட்டா பலிக்குமா?"

"பலிக்கும்" என்றேன். எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கும் செல்லம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

அவளுக்குப் பின்னால் எல்லாரும் வந்தார்கள். பதிவேட்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று ஒன்பது குழந்தைகள். பத்து முப்பத்தைந்துக்குக் கடைசி ஊசி. மீதி இருந்த ஒன்றை நாலு மணி நேரம் ஆனதும் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். சுவரில் பெங்களூர் சிமென்ட் கடை நாட்காட்டி தொங்கியது. ஊர் முழுக்கக் கடுகு வெடிக்கும் சத்தமே இல்லை. கேழ்வரகுக் கூழும் உப்புப் போடாத கீரையும் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். "துன்னுங்க நர்சம்மா, சாமி குத்தம் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காலையிலும் சாயங்காலமும் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் சில்லென்று இருக்கும். செல்லம்மாவின் பையனுக்கு முத்து கறுத்து உதிர ஆரம்பித்தது. நான் செய்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை தேசம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம். இந்த ஊசி போட்டு ஆறேழு நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் வரும். இரண்டொரு புள்ளியும் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. நோய் வந்த வீட்டுப் பக்கம் இருந்து பத்துப் பதினோரு நாள் கழித்தும் காய்ச்சல் வரும். அது தட்டம்மை, பயப்பட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட்டு அன்று ஆறாம் நாள். செல்லம்மா ஊருக்கு வந்து அன்று பதினோராம் நாள். இரண்டு கணக்கும் ஒரே வியாழக்கிழமையில் வந்து நின்றன.

"ஊசிதான். சும்மா இருந்த புள்ளிய குத்தனா அம்மா கோச்சுக்க மாட்டாளா?" என்று வெளியே பேசிக்கொண்டார்கள். தேசம்மா அவர்களோடு சேரவில்லை. என்னிடமே வந்தாள்.

"எதனால அக்கா?"

"ரெண்டுல ஒண்ணு."

"எந்த ஒண்ணு?"

நான் காய்ச்சல் மருந்தை அளந்து கொடுத்தேன். வைட்டமின் ஏ அரைக் கரண்டி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காதுக்குப் பின்னால் மங்கலாகச் சில புள்ளிகள் தெரிந்தன. அதைப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, மேடத்தின் கடிகாரத்தை வயிற்றின் பக்கத்தில் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணினேன். அறுபத்து நாலு. ஐம்பதைத் தாண்டக் கூடாது. மறுபடியும் எண்ணினேன். அறுபத்து இரண்டு. விலாவுக்குக் கீழே உள்வாங்கியது. மாத்திரையைத் தாய்ப்பாலில் நசுக்கிக் கொடுத்தேன். பாதி வெளியே வந்துவிட்டது. சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

கோவிந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நாளிக்கு மூணாந் தண்ணி. ஒரு நாளு பொறுக்கக் கூடாதா நர்சம்மா?"

"பொறுக்காது."

"திரும்பப் போமாட்டேன்னு சொல்லித்தான வந்தீங்கோ?"

"நான் சொல்லல. முனிரத்தினம் சொன்னாரு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

தேசம்மா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பரிசலின் கயிற்றை அவிழ்த்தாள். "நீங்க வராட்டி வுடுங்க மாமா. நான் துடுப்பு போடறேன்."

"வட்டமா சுத்தும்டி அது. உனக்கு இன்னா தெரியும்?"

"சுத்தட்டும்."

சுற்றத்தான் செய்தது. அவள் ஒரு பக்கமாகவே துடுப்புப் போட, பரிசல் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை சுற்றியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. கரையில் ஊரே நின்றது. கோவிந்தன் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்தார், சாவிகள் சத்தம் போட. விளிம்பைப் பிடித்து ஏறி, மருமகள் கையிலிருந்து துடுப்பை வாங்கினார்.

ஆனால் அவர் முனிரத்தினம் இருக்கும் தோப்புத் துறைக்குப் போகவில்லை. கிழக்கே, அணைக்கட்டின் கல்கரைப் பக்கம் திருப்பினார்.

"அந்தப் பக்கம் ஊரு இல்ல" என்றார்.

தோப்புத் துறைக்குப் பத்து நிமிடம். கல்கரைக்கு ஐம்பது நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சீக்கிரம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் முழு பலத்தோடுதான் போட்டுக்கொண்டிருந்தார். தேசம்மா வழியெல்லாம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

கல்கரையில் ஏறிச் சாலைக்கு வந்தோம். மாங்காய் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. நான் கையைக் காட்டினேன். நின்றது. மேலே மாங்காய் பறிக்கும் பெண்கள் இரண்டு பேர், மடியில் குழந்தைகள். கோவிந்தன் வண்டிக்குக் குறுக்கே வந்து, "நீ போப்பா" என்றார்.

"மாமா!" என்று தேசம்மா கத்தினாள்.

"அதுல புள்ளிங்கோ கீது."

டிராக்டர் போய்விட்டது. தேசம்மா சாலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மறுபடியும் மூச்சை எண்ணினேன். எழுபதைத் தொட்டது. இருபது நிமிடம் கழித்து ஒரு லாரி வந்தது. டிரைவரும் கிளீனரும் மட்டும். கோவிந்தன் கேபின் படியில் ஏறி நின்று, "கொழந்திக்கு அம்மா போட்டுக்கீது. உங்களுக்கு வந்து பூட்ச்சா?" என்று கேட்டார். டிரைவர் முகத்தைத் திருப்பிக் காட்டினார். முகமெல்லாம் குழி. "இன்னும் எங்க வர்றது? எடமே இல்ல. ஏறுங்க" என்றார். அது வேறு அம்மை, இதற்குக் காவல் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி எப்போது போட்டது, நோய்க்காரரோடு எப்போது சேர்ந்தது என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாளையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தட்டம்மை என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். சளி அதனால் வந்ததா, தனியாக வந்ததா என்று அவருக்கும் சொல்ல முடியவில்லை. ஊசி போட்டதால்தான் இந்த அளவோடு நின்றதோ என்னவோ என்றார். போன மாதமே போட்டிருந்தால் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மூச்சு ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. குழந்தை பால் குடித்தது.

செவ்வாய்க்கிழமை மேடம் என்னை இக்கரையில் மாந்தோப்பை ஒட்டியிருந்த தோப்பு ஊருக்கு அனுப்பினார். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனேன். முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவருடைய மூன்று வயதுக் கடைசிப் பெண் பாயில் கிடந்தாள். முத்து போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என் பதிவேட்டிலேயே இல்லை. அவளை அதற்கு முந்தின வருடம்தான் பாட்டி வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள்.

"பரிசலு இந்தக் கரையத் தொடவே இல்லியேம்மா" என்று முனிரத்தினத்தின் மனைவி சொன்னாள். பிறகு அவளே, "செல்லம்மா குடும்பம் பெங்களூர்லர்ந்து வந்த அன்னிக்கி, பரிசலு வர லேட்டாச்சின்னு நம்ம தோப்பு ஷெட்லதான் ஒக்காந்துக்கினு இருந்தாங்கோ. அந்தப் பையனும் இவளும் சாயங்காலம் வரிக்கும் ஒண்ணா வெளையாடினு இருந்தாங்கோ" என்றாள்.

அப்படியென்றால் கொம்பு கட்டுவதற்கு முன்னாலேயே அது இந்தக் கரையில் இறங்கிவிட்டது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் முனிரத்தினத்தின் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்குப் புதன்கிழமை போட்டிருந்தால் எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் மூன்று நாளுக்குள். முனிரத்தினம் வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை தேசம்மாவின் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று தோப்பு ஊரில் மற்றக் குழந்தைகளுக்கு ஊசி போட மேடம் எனக்குப் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருந்தார். வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். பின்பக்கக் குழாயடியில் கோவிந்தன் ஒரு சின்னக் குடத்தில் தண்ணீர் பிடித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்திருந்தார். வாட்ச்மேன், "இங்கெல்லாம் சாமி கும்புடக் கூடாதுய்யா" என்றான். "கும்புடல. குளிப்பாட்டறோம்" என்றாள் தேசம்மா. கோவிந்தன் குழந்தையின் தலையில் நிதானமாக ஊற்றினார். அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையில் மூச்சு இழுக்கிறதா என்று நான் பார்த்தேன். இழுக்கவில்லை.

"அந்தக் கரையில எதுனா புள்ளிக்கு வந்துதா நர்சம்மா?" என்று கோவிந்தன் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகப் பஸ் ஏறிப் போவார். நான் சொன்னேன். முனிரத்தினத்தின் பெண்ணுக்கு வந்திருக்கிறது, பரிசலால் வரவில்லை, செல்லம்மா வந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க அன்னிக்கு ரெண்டு நாளு அந்தக் கரையிலதான நின்னுக்கினு இருந்தீங்கோ?"

"ஆமா."

"பொட்டியோட?"

"பொட்டியோட."

அவர் குனிந்து, என் காலடியில் இருந்த ஊசிப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "தேசம்மா, நீ புள்ளிய எடுத்துக்கினு துறையாண்ட வந்து இரு" என்றார். என்னைப் பார்த்து, "வாங்க. அந்தூர்ல இன்னும் புள்ளிங்கோ கீதே" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.